கூரைக்கு எவ்வளவு பட்டி?

கார் கூரையில் ஒடுக்கு விழுந்தால், குழியை நிரப்பிச் சமமாக்கும் பட்டி (ஆங்கிலத்தில் புட்டி) பற்றிக் காதில் விழுவது இரண்டே தீர்ப்புதான். "பட்டி போட்டா போச்சு" என்பது ஒன்று. "பட்டி போட்டா வண்டியே போச்சு" என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்பவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும். இரண்டாவதைச் சொல்பவர் பழைய கார் வாங்கி ஏமாந்தவர், அல்லது ஏமாந்தவரின் மைத்துனர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைத் தெருக்களில் மரங்களைச் சாய்த்ததே, அதுபோன்ற நாட்களுக்குப் பிறகு மட்டும் வரும் வாக்குவாதம் என்றில்லை. தென்னை மரத்தடியில் வண்டி நிறுத்தும் பழக்கம் இருக்கும்வரை எந்த மாதத்திலும் வரும்.

இரண்டு கட்சியிலும் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. பட்டியை மோசடி என்று பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: சுத்தியலும் டாலியும் (தகட்டுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) பட்ட தகட்டைப் பட்டியே இல்லாமல் கண்ணாடிபோல் சமப்படுத்தும் கைகள் எப்போதுமே குறைவு. பாலியஸ்டர் பட்டி வருவதற்கு முன் அதே இடத்தில் ஈயத்தைச் சூட்டில் இளக்கி அப்பி அரத்தால் இழைத்தார்கள், அதுவும் நிரப்புவதுதான். பட்டியைச் சிமென்ட் மாதிரி அப்புகிறவர்கள் மறப்பது வேறொன்றை. கூரை என்பது கதவோ பம்பரோ அல்ல. அது கொடுக்கும் தண்டனை தாமதமாக வரும், ஆனால் தப்பாமல் வரும்.

பெரும்பாலான கார்களில் கூரைத் தகடு 0.7 மி.மீ. கனத்துக்கு அக்கம்பக்கம்தான். ஓரங்களில் மட்டும் உறுதியாகப் பிடித்திருக்கும். நடுவில் குறுக்காக ஓடும் இரண்டு மூன்று சட்டங்களுக்கும் தகட்டுக்கும் இடையே வெல்டிங் கிடையாது. மெத்தென்ற பசைச் சொட்டுகள்தான் தாங்கி நிற்கும். ஃபெண்டருக்கும் கதவின் விளிம்புக்கும் வளைவு அதிகம், அந்த வளைவே பலம். கூரையின் நடுப்பகுதிக்கு வளைவு மிகக் குறைவு. பார்க்கத் தட்டை, ஆனால் தட்டை இல்லை. அந்தக் கொஞ்ச வளைவில்தான் மொத்தத் தகடும் நிற்கிறது. அது ஓரிடத்தில் கெட்டுவிட்டால் ஒரு மீட்டர் தள்ளியும் அலை தெரியும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அரை சதுர மீட்டர் பரப்பில் 3 மி.மீ. கனத்துக்குப் பட்டி போட்டால் ஒன்றரை லிட்டர். சாதாரணப் பட்டி லிட்டருக்கு 1.8 கிலோ என்று வைத்தால் 2.7 கிலோ. அதே அரை சதுர மீட்டருக்கு 0.7 மி.மீ. இரும்புத் தகடு எவ்வளவு எடை? அதுவும் ஏறக்குறைய 2.7 கிலோதான். தகட்டின் மேல் தகட்டின் எடையையே ஏற்றி வைக்கிறோம். கதவை அறைந்து சாத்தும்போதும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் கூரை அதிர்கிறது. அந்தச் சுமை ஒவ்வொரு முறையும் அதோடு ஆடுகிறது. பட்டி டப்பாவில் 3 மி.மீ. வரை, சிலவற்றில் அதற்கு மேலும்கூட, போடலாம் என்று இருக்கும். அது பொதுவாக எந்தப் பாகத்துக்கும் சொன்னது. கூரையின் நடுவில் தேய்த்து முடித்த பிறகு நிற்கும் கனம் ஒன்றரை மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

தகடு அடங்கியதா?

டப்பாவைத் திறப்பதற்கு முன்பே இந்த வேலையின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. ஒடுக்கு எடுத்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிஸ்கட் டின் மூடி மாதிரி 'டப்' என்று உள்ளே போய், விட்டதும் 'டப்' என்று வெளியே வந்தால், தகடு நீண்டுபோயிருக்கிறது. நீண்ட இரும்புக்கு முன்பிருந்த இடம் போதாது. அது மேலோ கீழோ போய்த்தான் நிற்கும். அதன் மேல் எவ்வளவு நல்ல பட்டி போட்டாலும் அசையும் தரையில் கட்டிய சுவர்தான். இது எல்லா டிங்கருக்கும் தெரியும். தெரிந்தும் பலர் செய்யும் தவறு, இந்தச் சோதனையைக் காலையில் நிழலில் மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வது.

இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ. விரியும். காலை 25 டிகிரியில் இருக்கும் தகடு, அடர்நிறக் கார் என்றால், மதிய வெயிலில் எழுபதை எட்டும். மீட்டருக்கு அரை மில்லிக்கு மேல் விரிகிறது. ஓரங்கள் பிடித்திருப்பதால் அந்த விரிவு பக்கவாட்டில் முழுதாகப் போக முடியாது. நடுத்தகடுதான் மேலெழ வேண்டும். நல்ல வளைவுள்ள கூரை சீராக மேலெழும். நீண்டுபோன இடம் மட்டும் திடீரென்று துள்ளும். காலையில் கல்லாக நின்ற தகடு மதியம் ஒரு மணிக்கு விரலுக்கு ஆடுவது இதனால்தான். ஆகவே சோதனை இரண்டு முறை: நிழலில் ஒருமுறை, வெயிலில் வண்டியை இரண்டு மணிநேரம் நிறுத்திவைத்து ஒருமுறை. இரண்டாவதில் தேறாத கூரைக்குப் பட்டி கிடையாது. அன்றைக்கு வேலை மறுபடி சுத்தியலிடம் போகிறது. கடைக்காரருக்கு ஒரு நாள் நஷ்டம், வண்டிக்காரருக்கு எரிச்சல். ஆனாலும் மொத்த வேலையிலும் பின்னால் திருத்தவே முடியாத முடிவு இந்த ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம்.

தகட்டை அடக்குவதற்கு உள்ளே கை போக வேண்டும். ரூஃப் லைனிங்கை, அதாவது கூரையின் உட்புற உறையை, இறக்காமல், மேலிருந்து இழுத்தே ஒடுக்கு எடுக்கிறேன் என்பவரிடம் கூரையைக் கொடுக்காதீர்கள். பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் முதலில் பேட்டரியைக் கழற்றி, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகே தூண் மூடிகளில் கைவைக்க வேண்டும். லைனிங்கை மடக்கி இழுத்தால் மடிந்த கோடு நிரந்தரமாக நிற்கும். டிக்கி வழியாகவோ முன்கதவு வழியாகவோ தட்டையாகவே வெளியே எடுக்க வேண்டும்.

மரக்கிளை விழுந்த கூரையில் எல்லாருடைய கண்ணும் நேராகக் குழிக்குத்தான் போகும். குழி பெரும்பாலும் அப்பாவி. அதன் ஓரத்தில் மடிந்து நிற்கும் கோடுதான் குழியைக் கீழே பிடித்துவைத்திருக்கிறது. அந்த மடிப்பைத் தளர்த்தாமல் நடுவில் அடியிலிருந்து சுத்தியலால் அடித்தால் குழி மேலே வராது, தகடுதான் நீளும். கடைசியாக விழுந்த மடிப்பு முதலில் வெளியே வர வேண்டும், வெளியோரத்திலிருந்து உள்நோக்கி. அடியில் டாலியால் மேல்நோக்கி அழுத்தம் கொடுத்துக்கொண்டே, மேலே மேடாக நிற்கும் விளிம்பை லேசாகத் தட்ட வேண்டும். அடி டாலிக்கு நேர்மேல் விழக் கூடாது, அதற்குப் பக்கத்தில் விழ வேண்டும். டாலிக்கு நேர்மேல் விழும் ஒவ்வொரு அடியும் நடுவில் அகப்பட்ட தகட்டை மெலிதாக்கி நீட்டுகிறது. பாதிக் கூரைகள் மரத்தால் கெடுவதில்லை, அடியால் கெடுகின்றன.

அப்படியும் நீண்டுவிட்டதென்றால் சூடு கொடுத்துச் சுருக்க வேண்டும். கேஸ் டார்ச்சைக் கூரைமேல் பிடிக்கும் துணிச்சல் எல்லாருக்கும் வேண்டாம். பெரிய தட்டைப் பரப்பில் சூடு பரவினால் சுருங்க வேண்டிய இடத்தைச் சுற்றியும் சுருங்கிப் புது அலை கிளம்பும். சுருக்கும் வட்டத்தகடு கிரைண்டரில் மாட்டக் கிடைக்கிறது. மேட்டின் உச்சியை மட்டும் உராய்ந்து சூடாக்கும், ஈரத் துணி வைத்ததும் சுருங்கும். டார்ச் தவிர வழியில்லை என்றால் 10 மி.மீ. அகலத்துக்கு மேல் சிவக்கவிடாமல், ஒரு புள்ளி முடிந்து தகடு முழுதும் ஆறிய பிறகு அடுத்த புள்ளி. பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் தள்ளித் தள்ளி. உள்ளே பசையும் பஞ்சும் இருக்கும், தீ பிடிக்கும். ஒருவர் ஈரத் துணியோடு வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பட்டிக்கு முன் இன்னும் ஒரு வேலை பாக்கி. அதைக் கடைசியில் செய்வதுதான் வழக்கம், அதுதான் தப்பு. ஒடுக்கு விழுந்தபோது குறுக்குச் சட்டத்திலிருந்து தகட்டைப் பிரித்துவிட்ட பசைச் சொட்டுகள் இருக்கின்றனவே, அவற்றைப் பட்டிக்கு முன்பே புதுப்பிக்க வேண்டும். பட்டி போட்டு இழைத்த பிறகு பசை வைத்தால், அது இறுகும்போது தகட்டை ஒரு மயிரிழை இழுக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேய்த்த வடிவம் போய்விடும். பழைய பசையைச் சுரண்டி, இறுகினாலும் ரப்பராகவே நிற்கும் சீலண்ட்டை 10-15 செ.மீ.க்கு ஒரு சொட்டாக வைத்தால் போதும். முன்கண்ணாடி ஒட்டும் கெட்டியான பசையை நீளமாக இழுத்துவிட்டால் வெயிலில் சட்டத்தின் கோடு மேலே அப்படியே படம்போட்டுக் காட்டும்.

கலவை

தகடு தேறியதென்றால் மீதி ஒழுங்குதான். 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். பெட்ரோல் வேண்டாம், பின்னால் ஒரு படலத்தை விட்டுப்போகும். பழைய பெயின்ட் முடியும் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாதபடி சரிவாக இழைத்திருக்க வேண்டும். பட்டி பெயின்ட்டின் மேல் ஏறினால் பட்டியிலுள்ள ஸ்டைரீன் அந்தப் பெயின்ட்டைக் கிளப்பி, மேலே வட்டம் வட்டமாகக் கோடு தெரியும்.

வெறும் இரும்பில் பட்டியா, துருவைத் தடுக்கும் எபாக்ஸி பிரைமர் அடித்து அதன்மேல் பட்டியா என்பதில் இரண்டு பக்கமும் நல்ல தொழிலாளிகள் இருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் நான் எபாக்ஸி பக்கம். சென்னைக் காற்றில் வெறும் இரும்பு ஒரே இரவில் செம்பழுப்பு ஏறும். அந்தத் துருவின் மேல் பட்டி பிடிக்காது. எபாக்ஸி காய்ந்த பிறகு 180 நம்பரால் லேசாகக் கீறிவிட்டுப் பட்டி இழுக்கலாம். அமிலம் கலந்த எட்ச் பிரைமரின் மேல் மட்டும் ஒருபோதும் கூடாது. அமிலம் பட்டியின் அடிப்பகுதியை இறுகவிடாது. மேலே கல், அடியில் களி.

பட்டியை இறுக வைக்கும் ஹார்டனர் எடைக்கு நூற்றுக்கு இரண்டு. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். கண்ணளவு என்பது இந்த ஊர் வெயிலில் வேலைக்காகாது; நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னது ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குறைந்தால் பட்டி பிசுபிசுத்து உப்புத்தாளை அடைக்கும். கூடினால் சீக்கிரம் காயும் என்று மகிழ வேண்டாம். ஹார்டனரில் உள்ள, வேலை செய்து தீராத பெராக்ஸைடு மேலே வரும் நிறத்தைச் சில வாரங்களில் கறையாக்கும்; வெள்ளியும் வெள்ளையும் முதலில் காட்டிக்கொடுக்கும். 23 டிகிரியில் நாலைந்து நிமிடம் கையில் ஓடும் பட்டி, நம் மே மாதத்தில் அதில் பாதிகூடத் தராது. அதற்காக ஹார்டனரை ஒரேயடியாகக் குறைப்பதைவிட, ஒரு தடவைக்குக் கலக்கும் அளவைக் குறைத்து, நிழலில், தகடு தொட்டால் சுடாத நேரத்தில் செய்வது நல்லது. காலை ஏழு மணி உத்தமம். அட்டைமேல் கலக்கக் கூடாது. அட்டை ரெசினை உறிஞ்சும். மழமழப்பான தகட்டின் மேல், கிளறாமல், அழுத்தி மடித்து மடித்து நிறம் ஒன்றாகும்வரை. கிளறினால் காற்றுப் புகுந்து நாளைக்கு ஊசித் துளையாக வரும்.

முதல் இழுப்பு அழுத்தமாக, மெல்லியதாக, உப்புத்தாள் கீறலுக்குள் புகும்படி. அது இறுகியதும் அதன்மேல் அகலமாக ஒன்று. குழியை மட்டும் நிரப்புவது கதவில் செல்லும். கூரையில் குழியைச் சுற்றி ஒரு சாண் அகலமாவது கூடுதலாக இழுத்தால்தான் வளைவு தொடரும்.

கட்டை

கூரைக்கு உப்புத்தாள் சுற்றித் தேய்க்கும் கட்டை நீளமாக இருக்க வேண்டும், 40 செ.மீ.க்குக் குறையாமல், லேசாக வளையக்கூடியதாக. உள்ளங்கையில் உப்புத்தாளை மடித்துத் தேய்த்தால் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாய்க்கால் விழும். சுழலும் மெஷினால் வடிவம் கொண்டுவர முடியாது. பட்டி மெது, பக்கத்து இரும்பும் பெயின்ட்டும் கடினம். மெஷின் மெதுவானதைத் தின்றுவிட்டுக் கடினமானதைத் தடவிப் போகும், பட்டியின் ஓரத்தில் பள்ளம் விழும். கை அழுத்தம் குறைவாக, குறுக்கும் மறுகுறுக்குமாக, 80-இல் வடிவம், 150-இல் கீறல் நீக்கம், 240-இல் பிரைமருக்குத் தயார். கூரைக்கே உரிய ஒரு கஷ்டம் உண்டு: இடப்பக்கம் நின்று பாதி, வலப்பக்கம் நின்று பாதி என்று தேய்த்தால் நட்டநடுவில் ஒரு மேடு தங்கும். பலகை போட்டு ஏறி, நடுக்கோட்டைத் தாண்டிக் கட்டை போகும்படி நிற்க வேண்டும்.

தேய்க்கும்போது பட்டி நடுவே இரும்பு பளிச்சென்று தெரிந்தால் அங்கே தகடு மேடு. சுற்றிலும் இன்னும் குழி இருக்கிறது. இங்கேதான் கை சபலப்படும்: மேட்டை மறைக்க எல்லா இடத்திலும் இன்னொரு கோட் இழுத்தால் போயிற்று. அப்படித்தான் ஒன்றரை மில்லி நாலு மில்லியாகிறது. மேட்டைச் சுற்றியுள்ள பட்டியைச் சுரண்டிவிட்டு, கூர்ச்சுத்தியலால் இரண்டு மெல்லிய தட்டு. பிறகு அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பட்டி.

இனி தண்ணீர். இதைச் சொன்னால் பாதிப் பட்டறைகளில் சண்டைக்கு வருவார்கள். வாட்டர் பேப்பரும் வாளித் தண்ணீருமாகப் பட்டி தேய்ப்பது தூசி பறக்காத, கைக்கு இதமான வழக்கம். ஆனால் பாலியஸ்டர் பட்டியில் டால்க் பொடி நிறைய. தேய்த்துத் திறந்த பரப்பு தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் இரும்புவரை இறங்கும். மேலே பிரைமரும் பெயின்ட்டும் அடித்து மூடியபின், கூரை எழுபது டிகிரியில் காயும்போது அது ஆவியாகி வழி தேடும். மூன்றாம் மாதம் கூரையில் வியர்க்குரு மாதிரிக் கொப்புளம் வந்தால் பெயின்ட் கம்பெனியைத் திட்டாதீர்கள். பட்டி உலர் தேய்ப்பு மட்டுமே, முகமூடி போட்டுக்கொண்டு. தண்ணீர் வேண்டுமென்றால், ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பிரைமர் ஏறிய பிறகு 600-இல் வைத்துக்கொள்ளலாம்.

ஊசித் துளைகளுக்கு, தின்னர் ஆவியாகியே காயும் என்.சி. பட்டியை விரலால் தடவும் பழக்கமும் கூரையில் வேண்டாம். அதில் உள்ள தின்னர் போகப் போக அது இறங்கும். பெயின்ட் அடித்த பிறகும் இறங்கும். ஹார்டனர் கலந்து போடும் மெல்லிய பூச்சுப் பட்டியே சரி.

பிரைமர் இரண்டு மூன்று கோட் அடித்ததும் வண்டியை ஒருநாள் வெயிலில் விடுங்கள். பட்டியும் பிரைமரும் சுருங்க வேண்டியதெல்லாம் அன்றே சுருங்கட்டும். கறுப்புப் பொடியோ மெல்லிய கறுப்பு ஸ்பிரேயோ கைடு கோட்டாகத் தூவி, அதே நீளக் கட்டையில் 400. கறுப்பு தங்கும் இடம் குழி. பிறகு பட்டறைக்குள் டியூப்லைட்டின் பிம்பத்தைக் கூரையில் ஓடவிட்டுப் பாருங்கள்; கோடு நெளிந்தால் பெயின்ட் மறைக்காது, பெரிதாக்கும். வண்டிக்காரர் தன் கூரையைப் பார்ப்பது அபூர்வம், ஆனால் இரண்டாம் மாடிக்காரர் தினமும் பார்க்கிறார்.

வேண்டாத இடங்கள்

பக்கவாட்டுச் சட்டமோ தூணோ மடிந்திருந்தால் இது பட்டி பேசும் விஷயமே அல்ல. வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காக்கும் எலும்பு அது. பல வண்டிகளில் சூடு காட்டவே கூடாத வலுவான இரும்பு. தகட்டில் வெட்டி ஒட்டிய வெல்டிங் கோடு இருந்தால் அதன்மேல் நேராகச் சாதாரணப் பட்டி கூடாது. வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், அடியிலிருந்து ஈரம் ஏறும். முதலில் எபாக்ஸி, பிறகு கண்ணாடியிழை கலந்த பட்டி மெல்லிய பூச்சாக, அதன்மேலே சாதாரணம். அடிப்பக்கம் துருத்தடுப்பு மெழுகு அடிக்காமல் லைனிங்கை ஏற்றக் கூடாது.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் காந்தத்தை மட்டும் நம்பிப் போகிறார்கள். அது பட்டி உண்டா இல்லையா என்பதைக் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரை எடுத்துப் போய், கூரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு சாணுக்கு ஓர் அளவு எடுங்கள். கம்பெனிப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். முந்நூறு என்றால் மறுபடி பெயின்ட் ஆகியிருக்கிறது. ஆயிரத்தைத் தொட்டால் பட்டி. 1,200 மைக்ரான் சீராகக் காட்டி, ஓரத்தில் மெல்ல மெல்ல இறங்கி, மதிய வெயிலில் விரலுக்கு அசையாத கூரை என்றால், விலை ஒத்துவந்தால் நான் வாங்குவேன். மூவாயிரத்தைத் தாண்டினால் லைனிங்கின் பின்னோரத்தை இறக்கி அடிப்பக்கம் பார்க்கக் கேட்பேன். முடியாது என்று சொன்னால், அந்த வண்டிக்குப் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.